பை கொடுத்த அக்காவுக்கும், மழையில் நின்ற அத்தனை பேருக்கும் நன்றி

பினாங்கு இசை ரசிகர்களுக்கும், அக்கரையிலிருந்து பெர்ரி ஏறி வந்தவர்களுக்கும், வாசித்த எல்லாக் குழுக்களுக்கும் வணக்கம்.

பாடாங் கோத்தா திடலில் இசைத் திருவிழா அன்று மாலை மழை கொட்டியபோது என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள். அந்த மழைக்குப் பிறகும் மேடை எழுந்தது, கடைசிக் குழு வரை வாசித்து முடித்தது, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. நிம்மதியும் நன்றியும் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று மேடை, ஒலி, மின்சார வேலை பார்த்தவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி, திடலோரம் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கடை போட்டிருந்த அக்காவுக்கு. பேர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறோம்.

மழை விட்ட நேரத்தில் மேடைக்கு அவசரமாகத் தேவைப்பட்டது விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. மைக் கேபிள் இணைப்புகளை மூட ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டிரம்ஸுக்கே 7, 8 மைக் போகும். கிட்டார், கீபோர்டு, பாடகர்கள் எல்லாம் சேர்ந்தால் 24 சேனல் நிரம்பிவிடும். ஒவ்வொரு சேனலுக்கும் குறைந்தது இரண்டு இணைப்பு. எக்ஸ்எல்ஆர் எனப்படும் மைக் கேபிள் இணைப்புக்குள் மூன்று முனைகள் இருக்கின்றன. ஒன்று கவசக் கம்பிக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலே ஸ்பீக்கரில் கரகரப்பு கிளம்பிவிடும். கண்டென்சர் மைக்குக்கும் சில டிஐ பெட்டிகளுக்கும் (கிட்டார், கீபோர்டு ஒலியை மைக் கேபிளில் அனுப்பும் பெட்டிகள்) அதே கம்பி வழியாகத்தான் 48 வோல்ட் போகிறது. ஈரத்தில் அது கசிந்து கரகரப்பை இன்னும் கூட்டும், நாளடைவில் முனைகளையும் அரித்துவிடும். அதிலும் அது கடலோரத் திடல், காற்றிலேயே உப்பு. திடீரென்று கிளம்பும் வெடிச்சத்தம் ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் ஹாரன் டிரைவரைக்கூடப் பழுதாக்கும்.

பல இடங்களில் இதற்குக் கருப்பு டேப்பைச் சுற்றுவார்கள். வேண்டாம். டேப்பின் மடிப்பு வழியாகத் தண்ணீர் ஊர்ந்து உள்ளே போய்விடும், போனது வெளியே வர வழியிருக்காது. ஈரக் கேபிளில் டேப் ஒட்டவும் ஒட்டாது.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தார். கையில் தே புங்குஸ் (எடுத்துப்போகப் பையில் கட்டும் தேநீர்) கட்டுகிற பிளாஸ்டிக் பைகள், கட்டுக் கட்டாக. கூடவே ஒரு டப்பா நிறைய ரப்பர் பேண்ட், ஒரு உருண்டை ராஃபியா கயிறு. "இது போதுமா பாருங்க தம்பி" என்றார். யாரும் போய்க் கேட்கவில்லை. பையன்கள் துணி தேடி ஓடுவதைக் கடையிலிருந்தே பார்த்திருக்கிறார்.

கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவும் இல்லை. கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவரே வழியும் சொன்னார்: "தேத்தண்ணி உள்ள நிக்கணும்னா பை வாய மேல வச்சுக் கட்டுவோம். உங்களுக்குத் தண்ணி உள்ள நிக்கக்கூடாது. அப்போ வாயக் கீழ விடுங்க." மேடை வேலைக்குப் புதிதாக வருகிற ஒருவருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியாது.

அன்று எல்லா இணைப்பையும் மூடிய விதத்தை மற்ற குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறோம். இணைப்பைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டிலோ கவிழ்த்த பாட்டில் கூடையின் மேலோ வையுங்கள். இரண்டு பக்கக் கேபிளும் அங்கிருந்து கீழ்நோக்கித் தொங்கட்டும். ஒடித்து மடக்காமல் ஒரு கையகல வளைவாவது விடுங்கள். பையை மேலிருந்து கவிழ்த்து, கீழே இரண்டு கேபிளையும் சேர்த்து ரப்பர் பேண்டைத் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். உள்ளே வியர்க்கும் ஈரம் இறங்க வழி வேண்டும், கேபிளில் வழியும் தண்ணீரும் இணைப்பை விட்டு விலகி ஓட வேண்டும். குழு மாறும்போது அவிழ்க்க வேண்டிய இடங்களில் ரப்பர் பேண்டுக்குப் பதில் ராஃபியா கயிற்றில் ஒரு சுருக்கு. அக்கா போடும் சுருக்கு, நுனியைப் பிடித்து ஒரே இழு இழுத்தால் முழுதாக அவிழ்ந்துவிடுகிறது. பதினைந்து நிமிடத்துக்குள் குழு மாற வேண்டிய மேடையில் அதன் அருமை வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது மைக் கேபிளுக்கு மட்டும். 230 வோல்ட் மின்சாரம் போகும் வயரை ஒருபோதும் பையால் மூடிச் சமாளிக்காதீர்கள். அதற்கு மூடியுள்ள நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலை பிளக் வேண்டும், அதுவும் தரையைத் தொடாமல்.

பைகள் எல்லாம் மேடைக்கு வந்துவிட்டதால் அன்று இரவு அக்காவால் ஒரு தே கூடப் புங்குஸ் கட்ட முடியவில்லை. கிளாஸில் மட்டும் ஊற்றிக் கொடுத்தார். வாங்கியவர்கள் கடையைச் சுற்றி நின்றே குடித்துவிட்டுப் போனார்கள். திருவிழாக் கூட்டத்தில் புங்குஸ் வியாபாரம் நின்றால் எவ்வளவு நட்டம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நீட்டிய காசையும் வாங்கவில்லை. அக்கா, உங்களுக்கு எங்கள் எல்லாருடைய கும்பிடு.

சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கூட்டத்திலிருந்து வந்து சுவிட்ச் பெட்டியருகே நின்றுகொண்டார். இஎல்சிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நிதானமாகச் செய்து காட்டினார்: எல்லாப் பிளக்கையும் கழற்று, சுவிட்சைத் தூக்கு, ஒவ்வொன்றாக மாட்டு, எதை மாட்டும்போது விழுகிறதோ அதை ஒதுக்கிவை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அதை வைத்திருப்பது மனித உயிருக்காக. விழுகிறதே என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுக்கும் பழக்கம் சில மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கூடாரத் துணியில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிட்ட இளைஞர்களுக்கு நன்றி. இரண்டுக்கு இரண்டு மீட்டர் குழியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 400 கிலோ, கால்கள் தாங்காது. மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறி டிஐ பெட்டிகளைக் கொண்டுவந்த பட்டர்வொர்த் தம்பிக்கு நன்றி. பின்பக்க ஸ்பீக்கர்களைச் சேற்றிலிருந்து கெட்டியான தரைக்கு நகர்த்திய எல்லாருக்கும் நன்றி. 10 மீட்டர் நகர்ந்தால் அந்த ஸ்பீக்கரின் ஒலித் தாமதத்தை ஏறத்தாழ 29 மில்லி விநாடி மாற்ற வேண்டும் என்று தூரத்தை அளந்தும் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. மறுநாள் காலை குப்பை பொறுக்கிய மாணவர்களுக்கும் நன்றி.

ஒரே டிரம் செட்டைப் பகிர்ந்துகொண்ட டிரம்மர்களே, உங்களால்தான் நேரம் மிஞ்சியது. ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மிருதங்கத்தின் சுருதி ஈரக்காற்றில் இறங்கிப்போனபோது, வாரை இழுத்துத் தோலை வதைக்காமல், பாடகர் அரைக் கட்டை இறங்கிப் பாடினார். கிட்டார்காரர்களும் முணுமுணுக்காமல் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மை ஒலி மேசை வரைக்கும் கேட்டது.

ரசிகர்களுக்கு என்ன சொல்வது? கடைசி இடி கேட்ட பிறகு முழுதாக 30 நிமிடம் மேடைக்கு யாரும் ஏறக்கூடாது என்று சொன்னோம். நடுவில் ஒரு இடி கேட்டதும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் அலிகேட்ஸ் (Alleycats) இசைக்குழுவோடு புறப்பட்ட ஊர் இது. அன்று முதன்முதலாக மேடை ஏறவிருந்த அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குப் போயிருந்தால், அவர்கள் திரும்பவும் வந்திருப்பார்களா? 25 நிமிடம் வாசித்தார்கள். அந்த 25 நிமிடத்துக்காகத்தான் இத்தனை பேர் சேற்றில் நின்றீர்கள் என்று நாங்கள் நம்புகிறோம்.

இனி எங்கள் கருவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் பையும் ரப்பர் பேண்டும் ராஃபியாவும் இருக்கும். வானம் தெளிவாக இருந்தாலும் இணைப்புகள் காலையிலேயே தரையை விட்டு ஏறிவிடும். அக்காவின் பைகள் அக்காவின் தேத்தண்ணிக்கே இருக்கட்டும். கேபிள் சுற்றுவதிலிருந்து ஒலி மேசை வரை கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் வாருங்கள், காசு வாங்காமல் சொல்லித்தருகிறோம்.

குழுக்களுக்கு ஒரு வார்த்தை. நனைந்த ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி), பெடல் எதற்கும் இன்னும் சுவிட்ச் போடாதீர்கள். பெடலின் பேட்டரியைக் கழற்றுங்கள், அதன் மூடியைத் திறந்து நிழலில் ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டாதீர்கள். கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவி ஆறவிட்ட பிறகே மாட்டுங்கள். ஆம்புக்குள் தண்ணீர் போயிருந்தால் நீங்களே திறக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

மேடையருகே கிடைத்த ஒரு கிளிப் டியூனர், இரண்டு டிரம் சாவிகள், ஒரு கிட்டார் ஸ்டாண்ட், நிறையக் குடைகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மேடை, ஒலி, மின்சாரப் பணிக்குழு
பினாங்கு