கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ விட்டுச்சென்ற புத்தகங்களில் இரண்டைப் படித்து முடித்தேன். ஓரங்களில் பென்சிலால் நீ எழுதியிருக்கும் குறிப்புகளைப் பார்த்து, இவ்வளவு நுட்பமாகப் படிக்கிறவள் என் மகள் என்று பெருமைப்பட்டேன்; அவற்றில் ஒன்றைக்கூட என்னிடம் நீ பேசியதில்லையே என்று வருந்தவும் செய்தேன்.

ஆர்வெல்லின் '1984' நாவலில், பவழம் பதித்த கண்ணாடி உருண்டையை விற்று, மாடி அறையையும் வாடகைக்குத் தரும் கடைக்காரர் சாரிங்டனை வின்ஸ்டன் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறான்! அந்த அறையின் படத்துக்குப் பின்னால் கண்காணிப்புத் திரை இருந்திருக்கிறது. அவரோ, ஆட்சிக்கு எதிராக நினைப்பவர்களை வேவு பார்த்துப் பிடிக்கும் சிந்தனைக் காவலர். உளவாளி என்று அஞ்சி, கல்லால் அடித்துக் கொன்றுவிடலாமா என்றுகூட அவன் எண்ணிய ஜூலியாதான், கையில் கட்டுடன் தடுக்கி விழுந்து, தூக்கிவிட வந்தவன் கையில் காதலைச் சொல்லும் துண்டுச்சீட்டை வைக்கிறாள். அது பிடிபட்டால் அவள் உயிர் போய்விடும். சாரிங்டன் எதையும் பணயம் வைக்கவில்லை. இனிமையாகப் பேசுபவர்களிடம் அவசரப்படாதே, கயல்.

1985இல் வந்த மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெயிட்ஸ் டேல்' நாவலிலும் இதுதான். சிவப்பு உடுப்பு அணிந்த இரண்டு பெண்கள், மற்றவள் ஒற்றாக இருப்பாளோ என்ற அச்சத்துடன், கற்றுக்கொடுத்த வாசகங்களை மட்டும் பேசியபடி நாள்தோறும் சேர்ந்து கடைக்குப் போகிறார்கள். ஒருநாள், பிரார்த்தனைகளை அச்சிடும் இயந்திரங்கள் ஓடும் கடையின் கண்ணாடியில் இருவர் கண்களும் சந்திக்கின்றன. இந்த இயந்திரங்களைக் கடவுள் கேட்கிறார் என்று நினைக்கிறாயா என்று ஒருத்தி கேட்கிறாள். இல்லை என்கிறாள் மற்றவள். அந்தக் கேள்வியும் பதிலும் தண்டனைக்குரியவை. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். உன்னுடன் இருப்பவர்கள் உனக்காக எதை இழக்கத் துணிகிறார்கள் என்று பார். அவசரப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது பின்னால் இன்னொரு குரல் கேட்டது. நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எதையும் சொல்வதில்லை என்று உன் அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டேன், அது நியாயமில்லை. நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்த மாலைகளில், தலையணை உறைக்குள் நீ வைத்திருந்த நாட்குறிப்பை எடுத்துப் படித்தேன். ஒரு நாள் அல்ல, அந்த வருடம் முழுவதும். பூட்டு வாங்கித் தரச் சொல்லி நீ கேட்டபோது, வீட்டுக்குள் எதற்குப் பூட்டு என்று கடிந்துகொண்டேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. இதைப் படித்தபின் நீ பல நாள் பேசாமல் இருக்கலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா