அமோனியாவை டிரம் வாசலிலேயே பிடிக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாலாற்று மாசு பற்றிய உங்கள் கட்டுரை குரோமியத்தையும் உப்பையும் நன்றாக விளக்கியது. அமோனியா பற்றி ஒரு வரிகூட இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து அந்தச் சுண்ணாம்பை எடுக்க, தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்மில் அமோனியம் சல்பேட் போடுவோம். வயலுக்குப் போடும் அதே உரம்தான். 50 கிலோ மூட்டையில் சுமார் 10 கிலோ நைட்ரஜன் இருக்கும். சுண்ணாம்போடு சேர்ந்ததும் அதிலிருந்து அமோனியா வரும்; டிரம் மூடியைத் திறந்தால் கண் எரியும். வாயுவாகக் கிளம்பாத மிச்சம் அத்தனையும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்ற, கிட்டத்தட்ட நாலரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்தக் காற்றை ஊத ப்ளோயரும் கரண்டும் வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை அழிக்க மறுபடியும் காசு!

இதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. கழிவுநீரில் காஸ்டிக் சோடா சேர்த்து அதன் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 10-க்கு மேல் கொண்டுபோனால் அமோனியம் பெரும்பாலும் வாயுவாக மாறிவிடும். நீர் ஒட்டாத மெல்லிய பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) சவ்வுக் குழாய்கள் வழியே அந்த நீரை ஓட்ட வேண்டும். சவ்வின் நுண்துளைகளில் வாயு மட்டும் நுழையும். தண்ணீரும் அதில் கரைந்த உப்பும் இந்தப் பக்கமே நிற்கும். மறுபக்கம் ஓடும் கந்தக அமிலம் அமோனியாவைப் பிடித்துக்கொள்ள, மறுபடியும் அமோனியம் சல்பேட் கிடைக்கும். எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி வசதி: அந்தக் கரைசலை விற்க அலைய வேண்டாம், அடுத்த டிரம்முக்கே ஊற்றலாம்.

கொழுப்பும் சோப்புப் பொருளும் பட்டால் சவ்வின் துளைகள் நனைந்து தண்ணீரே கசிய ஆரம்பிக்கும், சுண்ணாம்பும் படியும். அதனால் முதலில் நன்றாக வடிகட்டியாக வேண்டும். எல்லாக் கழிவும் கலந்த பிறகு இதைச் செய்வது கஷ்டம். சுண்ணாம்பு நீக்கும் டிரம்மின் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. சுண்ணாம்பை எடுக்க அமோனியம் சல்பேட்டுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு விடும் முறையும் உண்டு; முடிந்தவர்கள் அதற்கே மாறட்டும், நல்லதுதான். மற்றவர்களுக்காக, அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் முதலாளிகள் சங்கமும் சேர்ந்து ஒரே ஒரு ஷாப்பில், ஒரே ஒரு டிரம்மில் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, மிச்சமான மூட்டைக் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாணியம்பாடி