லாங் கோவிட் குழுக்களை நடத்துபவர்களுக்கு, ஒரு முன்னாள் சிப்பாயின் திறந்த மடல்

முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளையும் மனநலப் பிரிவுகளையும் நிர்வகிப்பவர்களுக்கு,

வணக்கம். கோவிட் வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் விடாத லாங் கோவிட்டோடு வாழ்கிற எங்களுக்குக் குழு சிகிச்சை தொடங்கலாமா, தொடங்கியதைத் தொடரலாமா, போடுகிற பணத்துக்குப் பலன் இருக்கிறதா என்று உங்களில் பலர் யோசிக்கிறீர்கள். தொடங்குங்கள், தொடங்கியதை நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதை எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது எங்களுக்குத் துணையாவதும் இன்னொரு சுமையாவதும். நானும் அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன், அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டாளத்தில் நாங்கள் படித்த முதல் பாடம், நிற்காதே. கால் கொப்பளித்தாலும் நட, காய்ச்சல் அடித்தாலும் அணிவகுப்புக்கு வா, வலிக்கிறது என்று வாய் திறக்காதே. பல வருடம் எங்களைக் காப்பாற்றிய அந்தப் பழக்கம்தான் இந்த நோயில் ஆளைச் சாய்க்கிறது. லாங் கோவிட் உள்ள பலருக்கு, தாங்கும் அளவுக்கு மேல் உடலையோ மூளையையோ வேலை வாங்கினால் உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் சரிவு வரும், வந்தால் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்கைதான். நேற்று செய்த வேலைக்கு நாளை மறுநாள் தண்டனை என்றால் எதனால் எது வந்தது என்று ஆளுக்கே புரியாது. சரி, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினால் சரியாகிவிடும் என்று மறுபடியும் எழுந்து ஓடுவோம். மறுபடியும் விழுவோம்.

எங்கள் குழுவில் பழைய பீரங்கிப் படைக்காரர் ஒருவர் உண்டு. பலம் திரும்பிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க வீட்டு மாடிப்படியில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவார். டாக்டர் வேண்டாம் என்றார், வீட்டம்மா கெஞ்சினார், கேட்கவில்லை. ஒருநாள் குழுவில், முன்பு ராணுவ மருத்துவப் பிரிவில் செவிலிய உதவியாளராக இருந்த ஒருவர், "அண்ணே, படி ஏறின நாளையும் படுத்த நாளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்களேன், அவ்வளவுதான் கேட்கிறேன்" என்றார். இரண்டு கூட்டம் கழித்து பீரங்கிப் படைக்காரர் அந்தத் தாளைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார். நீல மையில் படி, சிவப்பு மையில் படுக்கை, ஒவ்வொரு நீலத்துக்கும் பின்னாலேயே ஒரு சிவப்பு. அதற்கப்புறம் படிக்கட்டு நடுவில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார், ஏறும்போது உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போகிறார். டாக்டர் சொல்லாததை அந்த உதவியாளர் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவரும் அதே மாதிரி விழுந்து எழுந்தவர், சீருடை போட்டவர். "நிறுத்து" என்ற சொல்லை எங்களால் கேட்க முடிவது அப்படிப்பட்ட ஆளின் வாயிலிருந்துதான்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளைக் கூட்டி உட்காரவைத்து, ஓய்வு எப்படி எடுப்பது, உடல்நிலையை எப்படிக் குறித்துவைப்பது என்று வகுப்பு நடத்தினார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காமில் இருந்த நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில் வில்ஃப்ரெட் பயான் போன்ற மனநல மருத்துவர்கள் சிப்பாய்களைக் குழுவாக வைத்தே சிகிச்சை செய்து பார்த்தார்கள். 1970-இல் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் நியூயார்க்கில் தாங்களாகவே கூடிப் பேச ஆரம்பித்தார்கள், ராபர்ட் ஜே லிஃப்டன், கைம் ஷாடன் என்ற மனநல மருத்துவர்கள் அவர்களோடு போய் உட்கார்ந்தார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்தக் கோளாறு, ஏறியதில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. நோயாளிகள் கூடிப் பேசியதை மருத்துவம் காது கொடுத்துக் கேட்டதால் வந்த மாற்றம் அது.

ஆனால் எங்களுக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1990-91 வளைகுடாப் போரிலிருந்து வந்தவர்களில் ஏராளமானவர்களுக்குத் தீராத சோர்வு, உடல்வலி, மறதி. எல்லாம் மன அழுத்தம் என்று வருடக்கணக்கில் சொல்லி அனுப்பினார்கள். அது உண்மையான நோய்தான் என்று அமெரிக்காவில் அதற்கென்றே அமைக்கப்பட்ட ஆய்வு ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது 2008-இல். ஆகவே லாங் கோவிட்டுக்கு "மனநலப் பிரிவில் குழு சிகிச்சை" என்று உங்களிடமிருந்து கடிதம் வந்தால், எங்களில் பாதிப்பேர் அதைப் படிக்கும் விதமே வேறு. 'இவனுக்கு ஒன்றுமில்லை, பேசி அனுப்புங்கள்' என்றுதான் படிப்போம். அந்தச் சந்தேகத்தை முதல் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே நீங்கள் உடைக்க வேண்டும். இது உடம்பில் இருக்கிற நோய், பரிசோதனைகள் தொடரும், மருந்துகள் தொடரும், இந்தக் குழு அவற்றுக்குப் பதில் இல்லை, இதோடு வாழ்வதற்கான துணை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் குழுவில் ஒரு சகோதரி, போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர். எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். ஏற்கெனவே பிடிஎஸ்டி என்று கோப்பில் இருந்ததால், அவர் போன ஒரு மருத்துவமனையில் இதுவும் பதற்றம்தான் என்று முடித்துவிட்டார்கள். குழுவில் அவர் அதை விவரித்தபோது குழுவை நடத்துபவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. படுத்த நிலையிலும், எழுந்து நின்று 10 நிமிடம் வரையிலும் நாடித் துடிப்பை எண்ணச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள் என்றார். அந்த 10 நிமிடத்துக்குள் துடிப்பு படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, ரத்த அழுத்தமும் பெரிதாக இறங்காமல், இப்படியே மாதக்கணக்கில் தொடர்ந்தால் போட்ஸ் என்ற கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு அது பலருக்கு வருகிறது. அவருக்கும் அதுதான். போர் நினைவும் இருந்தது, போட்ஸும் இருந்தது, ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் குழுவை நடத்தப் போடுங்கள். அது தெரியாத ஒருவர் எங்களுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள், நியாயம். பிரிட்டனில் ரீகெயின் என்ற சோதனையில், கோவிட்டோடு மருத்துவமனையில் இருந்து திரும்பியவர்களுக்கு இணையவழியில் 8 வாரம் குழுவாக உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் கொடுத்துப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்க்கைத் தரம் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் கூடியது, ஆனால் பெரிய அளவில் இல்லை. அது மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கு. எங்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகாமல், வீட்டிலேயே லேசாக வந்து போனதாக நினைத்தவர்கள். உடற்பயிற்சியிலும் நிதானம் வேண்டும். இதே மாதிரிச் சரிவு உள்ள, தீராத சோர்வு நோயான எம்இ-க்கு, பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிற சிகிச்சையைக் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது. சரிவு வருகிறவரையும் வராதவரையும் ஒரே பயிற்சியில் தள்ளினால், நான் மேலே சொன்ன சிவப்பு மை நாள்களை நீங்களே கூட்டுவீர்கள்.

நடைமுறை விஷயங்கள் சிறியவைதான், ஆனால் ஆள் வருவதும் போவதும் அவற்றால்தான். ஒன்றரை மணி நேரக் கூட்டம் எங்களால் முடியாது. முக்கால் மணி, நடுவில் ஒரு இடைவெளி, போதும். இணையத்தில் வையுங்கள், கேமராவை அணைக்க விடுங்கள், படுத்துக்கொண்டே கலந்துகொள்ளலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் அதிகாரி முன்னால் படுத்துக் கிடப்பது எங்களுக்கு வராது. மூளை மந்தமாக இருப்பதால் பேசியது மறுநாள் நினைவில் நிற்காது, ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். அப்புறம், இரண்டு கூட்டம் வரவில்லை என்று பட்டியலிலிருந்து பெயரை அடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆனது. வராத அந்த இரண்டு வாரமும் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். வேலையும் போய், தூக்கமும் கெட்டு, 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்று பேச ஆரம்பிக்கிற ஆள்களும் எங்களிடையே உண்டு. ஒருவர் வரவில்லை என்றால் பெயரை அடிப்பதற்கு முன்னால் போன் எடுத்து விசாரியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இடையிடையே ஒரு கூட்டம் வையுங்கள். காலையில் சிரித்துப் பேசியவர் மாலையில் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்றால் அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருக்கும், சிலருக்கு நடிப்பு என்றே தோன்றும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த குழுவை எப்படி நடத்துவது என்று நீங்கள் உட்கார்ந்து பேசும்போது, நோயோடு இருக்கும் முன்னாள் படைவீரர்கள் இரண்டு பேரை அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள். ஒருவருக்கு அன்றைக்கு முடியாமல் போனால் இன்னொருவர் வருவார். அதிகாலையில் வைக்காதீர்கள், கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், எங்கள் பதிலுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழு ஒன்றில் இருக்கும் ஒரு முன்னாள் சிப்பாய்