ஜப்பான் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பின்பக்கத்து பிளம் மரம் இந்த ஆண்டு நன்றாகப் பூத்தது. காட்டெருமை ஒன்று மாலையானால் கீழ் வேலி வரை வந்து நிற்கிறது, அதனால் தங்குகிறவர்களை இருட்டிய பிறகு அந்தப் பாதையில் விடுவதில்லை. பெரியம்மா பூம்பாறையிலிருந்து பூண்டு கொடுத்தனுப்பினாள். உனக்கென்று தனியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இனி, நீ தம்பிக்கு அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன்.

எனக்கு அனுப்பாமல் தம்பிக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஊரார்க்கு அறை கொடுத்துத்தான் உங்கள் இருவரையும் படிக்க வைத்தேன். எங்கே தங்கலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தம்பி கணினியில் ஒவ்வோர் இடமாகத் திறந்து காட்டினான். டோக்கியோவில் நான்கு இரவு, ஹக்கோனேயில் ஒன்று, கியோட்டோவில் இரண்டு, ஹிரோஷிமாவில் ஒன்று, ஒசாகாவில் இரண்டு. அவன் வேலைக்குப் போன பிறகு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். யார் துணையும் இல்லாமல் ஒரு நாட்டின் குறுக்கே இப்படிப் பாதை போட என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று பெருமையாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை இறக்கி வைக்கும் முன்பே வந்தவர்களுக்கு வெந்நீர் கொண்டு போன பிள்ளைதானே நீ.

டோக்கியோவில் ஷின்ஜுக்குவில் போட்டிருக்கிறாய். அந்த நிலையத்துக்கு 200க்கு மேல் வாயில்கள் உண்டாம், உலகிலேயே அதிகம் பேர் புழங்கும் நிலையம் என்கிறார்கள். இரவில் களைத்துப் போய், தவறான வாயிலில் வெளியே வந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்கப் போகிறாய். உவேனோவுக்கு மாற்றிவிடு. நரிட்டா விமான நிலையம் டோக்கியோவின் பெயரில் இருந்தாலும் நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து உவேனோவுக்கு நேராக ஒரு ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. உவேனோவும் நகரைச் சுற்றி ஓடும் யமனோட்டே என்ற ரயிலின் வட்டப் பாதையில்தான் இருக்கிறது. மொத்தம் 30 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். தூங்கிவிட்டால்கூட சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

பெயரை நம்பி அறை எடுக்காதே என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? கோடை ரோடு என்ற பெயரைப் பார்த்து ரயிலை விட்டு இறங்கி, ‘ஸ்டேஷனில் நிற்கிறோம், எத்தனை நிமிடத்தில் வரலாம்?’ என்று போன் செய்கிறவர்கள் எத்தனை பேர்! கொடைக்கானலுக்கு இன்னும் 80 கி.மீ. மலை ஏற வேண்டும் என்று சொன்னால் அவர்கள் குரல் எப்படி மாறும் என்று உனக்குத் தெரியும். ஒசாகாவிலும் அப்படித்தான். அதிவேக ரயில் நிற்பது ஷின்-ஒசாகாவில், ஒசாகா நிலையத்தில் அல்ல. அங்கிருந்து வேறு ரயில் பிடித்து ஒரு நிலையம் போக வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் தெரிந்து போகிறவளுக்குத்தான் சின்ன விஷயம். ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்று போட்டிருப்பதையும் சரிபார். அங்கே வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மேடும் சிக்னலும் அந்தக் கணக்கில் வராது.

பெரிய சூட்கேஸ் வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு அந்த அதிவேக ரயிலில் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். 2020-லிருந்து இந்த விதி இருக்கிறது. அதைவிட நல்ல வழி, ஓட்டல் வரவேற்பறையில் பெட்டியைக் கொடுத்தால் அடுத்த ஊர் ஓட்டலுக்கே அனுப்பி வைக்கிறார்களாம், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நீ ஒரு தோள்பையோடு போகலாம். ஆனால் அனுப்புவதற்கும் வாங்கி வைப்பதற்கும் ஓர் ஆள் இருக்கிற இடத்தில்தான் இது நடக்கும். அதனால்தான் சொல்கிறேன், சாவி கொடுக்க ஆள் இருக்கிற இடமாகப் பார்.

கியோட்டோவில் நீ எடுத்திருக்கிற தனி வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. படம் அழகாகத்தான் இருக்கிறது, பழைய மரவீடு, பின்னால் மூங்கில். ஆனால் அங்கே யாரும் இல்லை. கதவருகே ஒரு பெட்டி, அதில் எண்ணை அழுத்தினால் சாவி வருமாம். 2018-இல் சட்டம் கொண்டுவந்து, இப்படிப்பட்ட வீடுகளை ஆண்டுக்கு 180 நாள்தான் வாடகைக்கு விடலாம், பதிவு எண் வேண்டும் என்று அந்த நாட்டு அரசே கட்டுப்படுத்தியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். இரண்டு நாள் நீ அந்த வீட்டில் இருந்து கதவைத் திறக்காமலே இருந்தால் யாருக்குத் தெரியும்? நாம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தைப் படிவத்தில் அனுப்புகிறோம். அது காவல்துறைக்காக. அதற்கு மேல் ஒரு கணக்கு நம் கண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது, யார் வெளியே போனார்கள், யார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று.

அந்த மழைக்காலத்தில் மேல் அறையில் தனியாக வந்து தங்கிய பெண்ணை நினைவிருக்கிறதா? வாசலில் வைத்த டீ அப்படியே ஆறிப்போய் இருந்தது. அப்பா, ‘தூங்கட்டும், தொந்தரவு செய்யாதே’ என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, தட்டினேன். காய்ச்சலில் நெருப்பாகக் கிடந்தாள். நீதான் வண்டி பிடிக்க மூஞ்சிக்கல் வரை ஓடினாய். இரண்டாம் நாள் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு அவள் அழுதாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் கேட்கக்கூடாது. இருவருக்கு என்று பதிவு செய்துவிட்டு ஒருவராக வருவார்கள், ஒருவர் என்று சொல்லிவிட்டு இருவராக வருவார்கள். பதிவேட்டில் எண்ணிக்கையைத் திருத்திவிட்டு, போர்வையைக் கூட்டியோ குறைத்தோ வைப்பதோடு நம் வேலை முடிந்தது. ஆனால் வேறொருவர் பட்டியலைப் பார்த்தாலும் என் கண் முதலில் அந்த எண்ணிக்கைக் கட்டத்துக்குத்தான் போகிறது. உன் பட்டியலிலும் போயிற்று.

டோக்கியோவில் சிங்கிள் அறை என்று போட்டிருக்கிறாய். செமி டபுள் என்று ஒரு வகை உண்டு, அது 120 செ.மீ. அகலக் கட்டில், இருவருக்கு என்று சொல்லி விற்கிறார்கள், இருவருக்கு நெருக்கம். அதை எடுத்திருப்பாயோ என்று பார்த்தேன். இல்லை, சிங்கிள்தான். போன தடவை பாலி போனபோது தம்பிக்கு அனுப்பிய பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. விடுப்பு கிடைக்காமல் இருந்திருக்கலாம். வேலை நெருக்கடியாக இருக்கலாம். பொங்கலன்று பேசியபோது வெளியே போயிருக்கிறார் என்றாய். சிவராத்திரிக்குப் பேசியபோது தூங்குகிறார் என்றாய். சரி, இருக்கட்டும்.

ஹக்கோனே விடுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யாதே. விலை அதிகம் என்று தம்பி வாயைப் பிளந்தான். அந்த மாதிரிப் பாரம்பரிய விடுதிகளில் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாடகை, அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்துவிடும். தனியாக வருகிறவர்களைப் பல விடுதிகள் வார இறுதியில் ஏற்பதில்லை, நீ வாரநாளில் போட்டது புத்திசாலித்தனம். அங்கே ஒரு பணிப்பெண் உன் அறைக்கு வருவாள், தரையில் படுக்கை விரித்துக் கொடுப்பாள், நீ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்ப்பாள். அந்தப் பணம் அதற்குத்தான். வெந்நீர் ஊற்றில் நன்றாக ஊறிக் குளி. மலை ஏறும் அந்தச் சின்ன ரயில் மூன்று இடத்தில் நின்று, முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி ஏறுமாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தானே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மறுநாள் ஒடவராவில் ரயில் மாறும்போது கவனம், அதிவேக ரயில்களில் நொசோமி என்ற வகை அங்கே நிற்பதில்லை, ஹிகாரி என்ற வகையிலும் சிலதான் நிற்கும். நேரத்தை முன்பே எழுதி வைத்துக்கொள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். அவர்கள் குழம்பு, ரசம் பெரும்பாலானவற்றுக்கும் அடியில் காய்ந்த மீன் சாறுதான். உனக்குச் சிக்கல் இல்லை. மாப்பிள்ளை போன்ற சுத்த சைவம் என்றால் பல நாள் முன்பே விடுதிக்கு எழுத வேண்டும். எழுத வேண்டியிருந்தால் இப்போதே எழுதிவிடு.

ஹிரோஷிமாவில் இரவு தங்காதே. இதை மட்டும் எனக்காகக் கேள். ஷின்-ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். 1945 ஆகஸ்ட் 6-இல் நடந்ததையெல்லாம் அந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குண்டில் இறந்துபோன சின்னப் பிள்ளையின் மூன்று சக்கர வண்டிகூட இருக்கிறது, தம்பி படம் காட்டினான், நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். பார்த்துவிட்டு அன்று இரவு தெரியாத ஊரில் நான்கு சுவருக்குள் தனியாக உட்கார வேண்டாம்.

ஹக்கோனேக்குப் பிறகு மிச்சமிருக்கிற ஐந்து இரவையும் ஒசாகாவிலேயே வைத்துக்கொள். கியோட்டோவுக்கு அங்கிருந்து அரை மணி நேரம்தான், சாதாரண டிக்கெட்டில் ஏறும் விரைவு ரயிலே போகிறது. பக்கத்து நகரமான நாராவுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெட்டியைக் கட்டிக் கட்டி அவிழ்க்கிற வேலை மிச்சம். கியோட்டோவின் அமைதியைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் தம்பி படித்துக் காட்டினான். அமைதியை விற்றுத்தான் நாம் பிழைக்கிறோம், எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சில நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே கடையும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பது நல்லது. கியோட்டோவைப் பகலில் பார், ராத்திரிக்கு ஒசாகாவுக்கு வந்துவிடு. நிலையத்துக்குப் பக்கத்தில், கீழே வரவேற்பறை இருக்கிற ஓட்டலாக, சாவி கொடுக்க ஆள் இருக்கிற இடமாக.

தேதியையும் யோசி. ஏப்ரல் 29-இல் தொடங்கி மே 5 வரை அவர்களுக்கு விடுமுறை மேல் விடுமுறை, நாடே கிளம்பிவிடும். மே மாதத்தில் ஏரியைச் சுற்றி வண்டி நகராமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டாம். நமக்கு 2024-இல் நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்தது போல அங்கே இல்லை, வருகிறவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். மே 7-க்குப் பிறகு கிளம்பினால் அறையும் மலிவு, ரயிலில் இடமும் கிடைக்கும். எதைப் போட்டாலும், பணம் பிடிக்காமல் ரத்து செய்ய விடுகிற அறையாகப் போடு. கொஞ்சம் கூடுதல் ஆனாலும் பரவாயில்லை. கடைசி நேரத்தில் ஆள் எண்ணிக்கை மாறலாம், கூடலாம், உனக்கே போக மனமில்லாமல் போகலாம்.

அப்படி மனமில்லாமல் போனால் வேறெங்கும் போகாதே. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, அப்பா திருச்சிக்கே வந்துவிடுவார். ஜப்பான் போய்த் திரும்பினாலும் உனக்கு விடுப்பு மிச்சம் இருக்கும் என்று தம்பி சொன்னான். மாடி அறையை மே மாதம் முழுதும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். முதலில் சொன்னது அப்பாதான், சீசன் வாடகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேர் இப்போதே கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ ஒருத்தியாக வந்தாலும் சரி, இருவராக வந்தாலும் சரி. எத்தனை போர்வை எடுத்து வெயிலில் போட வேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கியோட்டோ வீட்டைப் பணம் போகாமல் ரத்து செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 12 என்று பட்டியலில் இருக்கிறது. தள்ளிப் போடாதே. செய்துவிட்டு தம்பிக்கு அல்ல, எனக்குப் போன் செய்.