பள்ளி நிர்வாகிகளே, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உரை எதற்கு?

மதிப்புக்குரிய பள்ளி நிர்வாகிகளுக்கும் மாணவர் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். மது விழிப்புணர்வு என்று ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை அரங்கில் உட்காரவைத்து, கெட்டுப்போன கல்லீரலின் படத்தைக் காட்டி, உறுதிமொழி எடுக்கவைத்து அனுப்புகிறீர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சிறு வயதிலேயே மதுவைத் தொடும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகத் தொடுவதில்லையே!

உளவியலாளர் பட்ரீசியா கான்ராடும் அவருடைய குழுவினரும் நான்கு இயல்புகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பரபரப்பைத் தேடும் பிள்ளையிடம் 'இது ஆபத்து' என்றால் அதுவே ஆசையைக் கிளப்பலாம். சட்டென்று செயல்படும் பிள்ளைக்கு ஆபத்து நன்றாகவே தெரியும். நண்பன் கோப்பையை நீட்டும் அந்த நொடியில் மட்டும் நினைவுக்கு வராது. நெஞ்சு படபடத்தாலே மிரளும் பிள்ளைக்கு உங்கள் படம் இன்னும் கொஞ்சம் பயத்தைத் தரும், அவ்வளவுதான்.

நான்காவது, நம்பிக்கை இழந்த பிள்ளை. எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான். வகுப்பில் சத்தம் இருக்காது, புகார் வராது, ஆசிரியர் அறையில் பெயரே அடிபடாது. வருத்தத்தை மறக்கக் குடிப்பவரிடம் போய் 'எதிர்காலம் பாழாகிவிடும்' என்று சொல்கிறோம். எதிர்காலமே இல்லை என்று நினைப்பவருக்கு அது எப்படி உறைக்கும்?

கான்ராட் குழுவின் திட்டத்தில் சுமார் 90 நிமிடம் நீளும் 2 அமர்வுகள்தான். ஒரே இயல்புள்ளவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, அந்த இயல்பைச் சமாளிக்கப் பழக்குகிறார்கள். மதுவைப் பற்றிய பேச்சு குறைவு. லண்டன் பள்ளிகளில் ஆசிரியர்களே பயிற்சி பெற்று இதை நடத்தினார்கள். 2 ஆண்டுகள் கழித்தும் குடிப்பழக்கம் குறைவாகவே இருந்தது என்கிறது 2013இல் வெளியான ஆய்வு. அமர்வில் கலந்துகொள்ளாத, ஆபத்து குறைந்த பிள்ளைகளிடமும் அதே போக்கு தெரிந்தது. நண்பர்கள் குடிக்காவிட்டால் இவர்களுக்கும் தூண்டுதல் குறையும்தானே.

ஒரு பயமும் இருக்கிறது. இயல்பை அறிய வினாத்தாள் கொடுப்பீர்கள். அப்புறம் அந்த விடை ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குள் போய்விட்டால்? 'இவன் குடிகாரனாவான்' என்று யாரும் முத்திரை குத்திவிடக் கூடாது. பரபரப்பு தேடும் எல்லாரும் குடிப்பதில்லை. பலர் மலையேறப் போகிறார்கள். விடைகள் ஆலோசகரைத் தாண்டக் கூடாது, பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

அடுத்த கல்வியாண்டில் அந்த அரங்கக் கூட்டத்துக்கான நேரத்தை இதற்குக் கொடுங்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசக்கூடிய இரண்டு ஆசிரியர்களை முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்