படித்துவிட்டுப் பேசாமல் போகும் சுங்கை சிப்புட்காரர்களுக்கு

வணக்கம்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஃபேன்ஃபிக் (பிடித்த நாடகம், நாவலில் வருகிற ஆட்களை வைத்து ரசிகர்களே எழுதி இணையத்தில் போடுகிற கதை) படிக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நாடகத்தில் சாகடித்துவிட்ட ஆளை யாரோ உயிரோடு வைத்து எழுதிய கதை, குந்தவையும் வந்தியத்தேவனும் கல்யாணத்துக்கு அப்புறம் போட்ட சண்டை, கொரிய நாடகத்து ஜோடி ஈப்போ மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரே குடிக்கிற கதை என்று எல்லாமே படிக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள், அழுகிறீர்கள், மறுநாள் வேலையில் கொட்டாவி விடுகிறீர்கள். எழுதியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், நானும் அதே ஆள்தான்.

ஒரு கதை இருந்தது. பெயர் வேண்டாம், அந்தப் பிள்ளைக்குக் கூச்சம். ஒரு நாடகத்தில் கதாநாயகனின் தங்கையாக வந்து நாலு காட்சியில் காணாமல் போகிற பெண்ணை எடுத்துக்கொண்டு, அவளை நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்து, லயத்து வாசலில் அவள் அம்மா ஒட்டுப்பால் வாசம் வீசுகிற சட்டையை அலசுகிற இடத்தோடு ஆரம்பிக்கிற கதை. நான் ரப்பர் பால்காட்டில் வளர்ந்தவள், அந்த வாசம் எந்த சோப்புக்கும் போகாது என்று எனக்குத் தெரியும், அதை இன்னொருத்தி எழுதிப் படித்தபோது படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 23 அத்தியாயம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்தேன், வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன், மனதுக்குள் திட்டவும் செய்தேன். ஒரு வரி எழுதிக் கேட்கத் தோன்றவில்லை.

போன தைப்பூசத்துக்கு எங்கள் தாமான் ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில், என் பக்கத்தில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைதான் அதை எழுதியவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். நான் பரபரப்பாக, "ஏம்மா நிறுத்திட்ட?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க படிச்சீங்களாக்கா? யாரும் படிக்கலன்னு நினைச்சேன்."

"எத்தனை தடவை திறந்தாங்கன்னு நம்பர் ஏறுமே, பார்க்க மாட்டியா?"

"ஏறும்க்கா. ஆளா மெஷினான்னு யாருக்குத் தெரியும்?"

அந்த நம்பரில் எழுபது எண்பது என்னுடையதாகவே இருக்கும். எனக்கு மோர் ஊற்றுகிற கை நின்றுவிட்டது.

நான் செம்பனை ஆலையில் லோரி எடை போடுகிற இடத்தில் கிராணி. குலை ஏற்றி வருகிற லோரி எடை மேடையில் ஏறினால் இறங்கும்போது ஒரு சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். சீட்டு இல்லாமல் எந்த டிரைவரும் இடத்தை விட்டு நகர மாட்டார், நகர்ந்ததை நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு, கிராணி பாலின் கெட்டியை அளக்கிற மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து எடையைச் சொல்கிறவரைக்கும் காலி வாளியோடு நிற்பார். கணக்கு குறைந்தால் சண்டை போடலாம். கணக்கே சொல்லாமல் அனுப்பினால் மறுநாள் எதற்கு இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போவது?

காசு வருமே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபேன்ஃபிக்கில் காசு கிடையாது. கதாபாத்திரங்கள் இன்னொருவர் சொத்து, விற்றால் வழக்கு வரும். இந்த வகைக் கதைகளுக்கான பெரிய இடமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், 2019-இல் அறிவியல் புனைகதை உலகத்து ஹியூகோ விருது வாங்கியது, விளம்பரமே இல்லாமல் நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் நடக்கிறது. அங்கே கதை போட்டுவிட்டு, காசு கொடுங்கள் என்று கேட்பதற்கே தடை. ஆக, எழுதுகிறவருக்குத் திரும்பி வருகிற ஒரே விஷயம் நம் வாய்ச்சொல். அதையும் நாம் கொடுப்பதில்லை.

"நான்தான் கூடோஸ் அழுத்தினேனே" என்பீர்கள், கதைக்குக் கீழே இருக்கிற அந்த இதயப் பொத்தானை. நல்லது. ஆனால் அந்த இதயத்தை ஒரு கதைக்கு ஒருமுறைதான் அழுத்த முடியும். முதல் அத்தியாயத்திலேயே அழுத்திவிட்டால் முப்பதாவது அத்தியாயம் வரைக்கும் நீங்கள் கூடவே வந்தீர்களா, இரண்டாவதிலேயே இறங்கிவிட்டீர்களா என்று அவருக்குத் தெரியாது. கணக்கு திறக்காதவர்கள்கூடக் கருத்து எழுதலாம், எழுதியவர் அதை அடைத்து வைக்காதவரை. ஒரு பெயரும் மின்னஞ்சலும் போதும்.

கம்பரே ஃபேன்ஃபிக்தான் என்று வாதாட நான் வரவில்லை, அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு வாய் இல்லாமல் போனது எப்போது? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்து, வேஷக்காரர் அழுதால் அழுது, நடுவில் எழுந்துபோய் சட்டையில் வெள்ளி குத்திவிட்டு வந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். மைக்கில் "இன்னார் அன்பளிப்பு ரெண்டு வெள்ளி" என்று சொல்லும்போது ஆட்டக்காரரின் கால் இன்னும் கொஞ்சம் உயரப் போகும். கல்கி 1954-இல் 'பொன்னியின் செல்வ'னை முடித்தபோது, வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே முடிவுரை என்று தனியாக ஒன்று எழுத வேண்டிவந்தது. நம் நாட்டில், 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அனுப்பிய கதையை ஒருவர் உட்கார்ந்து படித்து, இது இப்படி இருக்கிறது என்று சொன்னார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்ததைப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்த வகுப்பை விடாமல் சொல்கிறார்கள். தமிழ் நேசனே 2019-இல் நின்றுவிட்டது, அது வேறு வருத்தம்.

வெள்ளைக்காரர்கள் இதில் நம்மைவிடக் கறார். அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே அச்சடித்துத் தபாலில் அனுப்பிய பத்திரிகைகளில், படித்துக் கடிதம் போட்டவருக்கு அடுத்த இதழை இலவசமாக அனுப்புகிற வழக்கம் இருந்தது. கடிதமே சந்தா!

சரி, உங்கள் சாக்குக்கு வருகிறேன். நம் ஊரில் அதிகம் கேட்பது, "எனக்குத் தமிழ் ஒழுங்கா எழுத வராது, எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் எடுக்கல." யார் உங்களுக்குப் புள்ளி போடப் போகிறார்கள்? மலாய் கலந்து எழுதுங்கள், ரகர றகரம் மாறிப்போகட்டும், குரலில் பதிவு பண்ணி எழுத்தாக மாற்றிப் போடுங்கள். இன்னொன்று, "பழைய கதைதானே, இப்போ போய் சொன்னா நல்லாவா இருக்கும்?" நாலு வருஷத்துக்கு முந்தின கதைக்கு இன்றைக்கு ஒரு வரி வந்தால், எழுதியவர் அன்று பூராவும் கைப்பேசியைத் திறந்து திறந்து பார்ப்பார். வயதாகிவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்பவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 46, என் புனைபெயரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

என்ன எழுதுவது? "சூப்பர்" என்று எழுதினாலும் குறையில்லை, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் ஒரே ஒரு இடத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டால் வேறு மாதிரி. "அந்தச் சட்டை அலசுகிற இடத்தில் எங்கம்மா ஞாபகம் வந்துச்சு" என்று நான் அன்றைக்கே எழுதியிருக்கலாம், அரை நிமிஷம் ஆகியிருக்குமா? "அடுத்த பாகம் எப்போ?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது வட்டிக்கு விட்ட ஆலோங் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி. படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேளுங்கள். திருத்தம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் (எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை) முதலில் "சொல்லலாமா?" என்று கேளுங்கள். கதை வகுப்புக்கு அனுப்பியவர்கள் மதிப்பிடச் சொல்லி அனுப்பினார்கள், இந்தப் பிள்ளைகள் வேலை முடிந்து வந்து ஆசைக்கு எழுதுகிறார்கள்.

பந்தலுக்கு அப்புறம் நான் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதிக்கொண்டே வருகிறேன், இதுவரை 9 முடிந்திருக்கிறது. ஏழாவதில் அவள் பிரியாணிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றியதாக எழுதியிருக்கிறாள், அதில் எங்களுக்குள் இன்னும் தகராறு ஓடுகிறது. 24 வருமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எடை மேடைக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்