மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். போன வாரம் போனில் "அந்த ஊரில் வேலையைத் தவிர வேற என்னதான் இருக்கு" என்று கேட்டாயே, லைன் விட்டு விட்டு வந்ததில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு, நடுவில் தூங்கிவிட்டால் எழுப்பாதே.

முதலில் ஒரு மன்னிப்பு. நீ பெட்டியில் குக்கரைத் திணித்தபோது எடை கூடுகிறது என்று உன்னோடு சண்டை போட்டேன் அல்லவா, அந்தக் குக்கர் இல்லையென்றால் நான் பட்டினி. இந்த ஊர் 2,100 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கிறது. வந்த புதிதில் சோம்பேறித்தனப்பட்டுத் துவரம்பருப்பைச் சும்மா பாத்திரத்தில் வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாம்; தளதளவென்று கொதித்தது, பருப்பு மட்டும் போட்டபடியே கிடந்தது.

சரி, ஊர். சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின் ஊர் என்றுதான் இதற்குப் பெயரே. 1531இல் ஸ்பெயின்காரர்கள் தங்களுக்கென்று புதிதாக உண்டாக்கிய ஊர் இது. முதல் ஆயர் ஹுலியான் கார்செஸ் கண்ட கனவில் சம்மனசுகள் வந்து, கயிறு பிடித்துத் தெருக்களை அளந்து கொடுத்தார்களாம். உண்மையில் கல் சுமந்து கட்டியது தலஸ்காலா, சோலுலா பக்கத்திலிருந்து கூட்டிவந்த பூர்வகுடி மக்கள். அவர்களைப் பற்றிக் கனவு எதுவும் இல்லை. தெருக்கள் மட்டும் நிஜமாகவே நூல் பிடித்தாற்போல நேராக இருக்கின்றன. பாதித் தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண்தான், ஆனால் ஒரே தெரு நடுவில் ஒரு சாலையைத் தாண்டியதும் பெயர் மாறிவிடும், இந்தப் பக்கம் "4 தெற்கு" என்றால் அந்தப் பக்கம் "4 வடக்கு". வீடு பார்க்கப் போன முதல் நாளே நான் வடக்கில் நின்று மணியடிக்க, வீட்டுக்காரம்மா தெற்கில் நின்று எனக்குப் போன் போட, இரண்டு பேருக்கும் பாஷை புரியாமல் அரை மணி நேரம் போனது.

பேராலயத்தை நீ பார்க்க வேண்டும் அம்மா. 1575இல் கட்ட ஆரம்பித்து இழுத்தடித்து, கடைசியில் ஹுவான் தே பலஃபோக்ஸ் என்ற ஆயர் முன்னின்று 1649இல் அர்ச்சித்தார். எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள மணியை இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டால், அதையும் ராத்திரியில் சம்மனசுகள்தான் தூக்கி வைத்தார்களாம், இந்த ஊரில் கஷ்டமான வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான். அதே பலஃபோக்ஸ் 1646இல் தன்னுடைய 5,000 புத்தகங்களைக் கொடுத்துத் தொடங்கிய நூலகம் கோயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. இப்போது 45,000க்கு மேல். மூன்று அடுக்கு மர அலமாரி, உள்ளே போனால் பழைய தேவதாரு வாசனை. சாந்தோ தொமிங்கோ கோயிலில் செபமாலை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு, 1690இல் அர்ச்சித்தது, சுவர், கூரை, தூண் என்று கைவைக்க இடமில்லாமல் தங்கரேக்கு. எனக்கு அங்கே செபம் வரவில்லை, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. நம் கோட்டாறு சவேரியார் கோயிலில் வெறும் தரையில் முழங்கால் போட்டால் வருவது தனிதான்.

இதையெல்லாம் விட உன்னிடம் சொல்லத் துடித்தது வேறு. இங்கே இந்தியாவிலிருந்து வந்தவள் என்றாலே "இந்தூ" என்பார்கள். நான் கழுத்தில் சிலுவையோடு பூசைக்கு வந்து நிற்கிறேன், பக்கத்து பெஞ்சுப் பாட்டி அன்பாகக் கையைப் பிடித்து "நீ இந்தூவா?" என்கிறாள். "இந்தியோ" என்றால் அவர்களுக்கு உள்ளூர்ப் பூர்வகுடி, அதனால் நமக்கு இந்தப் பெயர். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன், இப்போது ஆமாம் போட்டுவிடுகிறேன்.

ஆனால் எனக்கு நானூறு வருஷம் முன்னாலேயே ஒருத்தி வந்திருக்கிறாள் அம்மா. முகலாயர் ஆண்ட பக்கத்துப் பெண், மிர்ரா என்று பெயர் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியர் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போய், நம் கொச்சியில் வைத்து சேசு சபைச் சாமியார்கள் ஞானஸ்நானம் கொடுத்து, காத்தரினா தே சான் ஹுவான் என்று பெயர் மாற்றி, மணிலாவில் விற்று, அங்கிருந்து கப்பலில் இந்த நாட்டு அகாபுல்கோ துறைமுகம், பிறகு 1620 வாக்கில் புவெப்லாவில் ஒரு வியாபாரி வீட்டுக்கு அடிமையாக வந்து சேர்ந்தாள். மணிலா கப்பலில் வந்த எல்லாரையும் அப்போது "சீனர்" என்றே கூப்பிட்டதால் இவளும் "புவெப்லாவின் சீனாக்காரி" ஆனாள். வயதான காலத்தில் அவளைப் புனிதவதி என்று ஊரே தேடிவந்தது. 1688இல் இறந்தபோது சேசு சபைக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அவளுக்கு ஆன்ம குருவாக இருந்த சாமியார் மூன்று பாகத்தில் அவள் கதையை எழுதினார், திருச்சபையின் விசாரணை மன்றம் அதைத் தடை செய்துவிட்டது. படத்தை வைத்துக் கும்பிடவும் தடை. இன்று விழாக்களில் பெண்கள் போடும் சரிகைப் பாவாடைக்கு அவள் பட்டப்பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த உடை அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து வந்தது.

அந்தக் கோயில் என் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழி. தினமும் கடக்கும்போது, நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும் முன் இறங்கிவிடும் கொச்சியை நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யாருக்கு எழுதியிருப்பாள்?

அதே மணிலா கப்பல் வழியில்தான் புளியும் வந்தது. இங்கே பானகம் மாதிரி புளித்தண்ணீர் விற்கிறார்கள், மாம்பழத்தில் ஒரு ரகத்துக்கு "மணிலா" என்றே பெயர். பதிலுக்கு மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் இந்தப் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்தன. "சப்போட்டா" என்பதே இந்த ஊர்ச் சொல்தான். மோலே என்று ஒரு குழம்பு, காய்ந்த மிளகாய் நாலு வகை, எள், வேர்க்கடலை, கிராம்பு, பட்டை, கருக்கிய ரொட்டி, கடைசியில் சாக்லேட். முகம் சுளிக்காதே, நம் வறுத்தரைத்த குழம்பின் தூரத்துச் சொந்தம்தான். அரைக்கும் கல்லும் அம்மி மாதிரியே, மூன்று கால் வைத்துச் சரிந்து நிற்கும்.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பொப்போகாதேபெட்ல் எரிமலை புகைவது தெரியும். பயப்படாதே, அது எப்போதும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் அதை "தோன் கோயோ" என்று பெரியவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, மார்ச் 12 அன்று பிறந்தநாளுக்குக் காணிக்கை கொண்டுபோகிறார்கள். எனக்கு இதுவரை நஷ்டம் ஒரு நாள் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை இரண்டு, சாம்பல் விழுந்து மறுபடி அலச வேண்டியதாயிற்று.

தம்பியின் ஃபிரண்டு டிசம்பரில் மெக்சிகோ நகரத்துக்கு வருகிறானாம். அவனிடம் கறிவேப்பிலைப் பொடியும் நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்துவிடு. மிளகாய்ப்பொடி வேண்டவே வேண்டாம்.

உன் அன்பு மகள்